தம்பி இல்லம் – 14. கொஞ்ச நேரம் வெளியே இரு

கட்டுத்துணியைப் பிரித்த கையோடு அக்காவை முக்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போன வாரம் நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் இன்னும் அதே முக்காலியில்தான் இருக்கிறாள். நிமிரவில்லை.

நிமிராததற்குக் காரணம் உண்டு. வீடற்றவர்களுக்காக அண்ணன் நடத்தும் ‘தம்பி இல்ல’த்தின் மருத்துவ அறையில் அவள் நர்ஸ். தெருவில் படுப்பவர்களுக்கு முதலில் கெட்டுப்போவது கால்தான். வருகிறவர் உயர நாற்காலியில் உட்காருவார். அவள் தரையோடு ஒட்டிய முக்காலியில். முதலில் கால், அப்புறம்தான் முகம். யாரும் ஏறிட்டுப் பார்க்காமல் காலம் தள்ளியவரை எடுத்த எடுப்பில் உற்றுப் பார்த்தால் எழுந்து போய்விடுவார். காலைக் கையில் வாங்கிக்கொண்டால் போகமாட்டார்.

இது அவளாகக் கண்டுபிடித்த வழி. அண்ணன் இதற்கு ‘பாதம் தொட்டு மனிதம் காண்போம்’ என்று பெயர் சூட்டி, பக்கத்தில் தன் படத்தைப் போட்டு ஆண்டு மலரில் அச்சடித்துக்கொண்டான். அவன் இதுவரை ஒரு பாதத்தையும் தொட்டதில்லை. மனிதத்தை மட்டும் நிறையக் கண்டிருக்கிறான்.

அந்த வழிதான் இன்று அவளை மாட்டிவிட்டது. அழுக்கேறிய கட்டுக்கு அடியில், சீழ் கட்டிய குதிகாலுக்கு மேலே, இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பிறந்தபோது இருந்ததுபோலவே ஒட்டிக்கொண்டிருந்தன.

“இன்னும் பிரியலக்கா,” என்றது மேலேயிருந்து ஒரு குரல். “கத்திரிக்கோலை எடுத்துட்டு வந்து வெட்டி விடறேன்னு பயமுறுத்துவியே.”

அக்கா நிமிர்ந்தாள்.

முகம் பாதியாகிப் போயிருந்தது. தாடையில் ஒரு பல் இல்லாத பள்ளம். ஆனால் தப்பு செய்துவிட்டு அடிக்குக் காத்திருக்கும்போது இடது கண்ணை மட்டும் சுருக்குவானே, அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது.

“சுண்டு…”

“அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு.” அவன் காலை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. “இது உங்க இடம்னு தெரியாதுக்கா. காலுக்கு மருந்து போடுவாங்க, எதுவும் கேக்க மாட்டாங்கன்னாங்க. வந்துட்டேன். வந்து பாத்தா, முன்னாடி ஹால்ல ஒருத்தன் படம் மாட்டியிருக்கு.”

அக்கா காலை விடாமல் பஞ்சுக்குக் கை நீட்டினாள்.

“நல்ல கோட்டு போட்டிருக்கான். என்னை விடக் கொஞ்சம் சிவப்பு.” தம்பி யோசனையாகக் கேட்டான். “எப்பக்கா செத்தேன்?”

எப்போது செத்தான் என்பதை நாம்தான் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும், அக்காவால் முடியாது.

தம்பி ஒரே நாளில் சாகவில்லை. அண்ணனின் மேடைப் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தான். ஆரம்பத்தில் அண்ணன் நடந்ததைத்தான் பேசினான். மனசு கலங்கிப்போன தம்பி வீட்டை விட்டுப் போனான், எங்கே இருக்கிறானோ தெரியவில்லை, அவனைப் போன்றவர்களுக்காக இந்த இல்லம் என்றான். நன்கொடையாளர்கள் உருகினார்கள். ஆனால் உருகி முடித்ததும், “நல்லாத் தேடினீங்களா?” என்று கேட்டார்கள். அது கொஞ்சம் சங்கடமான கேள்வி. பேச்சையும் சுருக்கச் சொன்னார்கள். அண்ணன் சுருக்கினான். ‘எங்கே இருக்கிறானோ’ போயிற்று. அதற்கடுத்த விழாவில் ‘இருக்கிறானா என்பதே’ வந்தது. ஒரு மழைக்கால விழாவில், நடைபாதையில் விறைத்துக் கிடந்த உடலைத் தன் மடியில் போட்டுக்கொண்டதாகவே சொல்லிவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. செத்தவனைத் தேடினாயா என்று யாரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து இல்லத்துக்கு ஏறுமுகம்தான்.

ஹாலில் படம் வந்தது. வீட்டிலிருந்த ஒரே படத்தில் தம்பி கிழிந்த பனியனோடு சிரித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர்க்காரர் கோட்டு மாட்டிவிட்டார்.

இன்று அந்தத் தம்பியின் நினைவாகப் புதுக் கட்டடம் திறப்புவிழா. மாடியில் வரிசையாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். அதை இன்றுதான் திறக்க வேண்டும் என்று நாள் பார்த்தது யார் என்றுதான் தெரியவில்லை.

அக்கா வெந்நீரில் பஞ்சை நனைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லாததால், வழிவதை வழியவிட்டாள்.

“வலிக்குதா?”

“நீ அழறதுதான் வலிக்குது. மருந்து சும்மாத்தான் இருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ரூம் தர்றாங்களாமேக்கா? பூட்டுப் போட்டுக்கலாமாமே?”

“ம்.”

“அதுக்கு ஒரு கேள்வி கேப்பீங்களாம். வரிசையில தாடிக்காரர் சொல்லிக்குடுத்தாரு. கேளு.”

அக்கா பஞ்சைப் பிழிந்தாள். அந்தக் கேள்வி இல்லத்தின் முதல் விதி, அண்ணன் போட்டது. சொந்தம் என்று ஒருத்தர் இருந்தாலும் அறை கிடையாது. அந்தச் சொந்தத்துக்குத் தகவல் சொல்லி, கூட்டிக்கொண்டு போகச் சொல்ல வேண்டும். கேட்கிற வேலை நர்ஸுடையது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேரிடம் பஞ்சும் கையுமாக அவள் கேட்டிருக்கிறாள்.

“கேளுக்கா. பரவால்ல. மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

அவள் கேட்கவில்லை. அவனாகவே சுவரைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான்:

“எனக்குச் சொந்தம்னு யாரும் இல்ல.”

கதவு திறந்தது.

அண்ணன் நுழைந்தான். இல்லத்தில் எல்லாருக்கும் அவன் ‘தலைவர்’. வீட்டிலும் அவன் மனைவி அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி. அதில் மரியாதை எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. புதுச் சட்டை, சட்டையில் குத்திய ரிப்பன் பூ, கையில் மூன்றடி நீளத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டிய ஒரு அட்டைச் சாவி.

“இங்க என்ன பண்ணிட்டிருக்கே? அம்மா வர்ற நேரம். சாவியோட காது பிஞ்சு போச்சு, உங்கிட்ட பிளாஸ்டர் இருக்குமா? போட்டோல தெரியும்…”

நாற்காலியில் இருந்தவன் இடது கண்ணைச் சுருக்கினான்.

“நல்லா இருக்கியாண்ணா? தொப்பை போட்டிருக்கு.”

அட்டைச் சாவி தரையில் விழுந்தது. நியாயமாகச் சொன்னால், அந்த ஒரு நொடி அண்ணன் தலைவராக இல்லை. இரண்டெட்டில் வந்து தம்பியின் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டான். அழுக்கு முடி புதுச் சட்டையில் ஒட்டியது, அதைப் பார்க்கவில்லை. “டேய், டேய்,” என்றான். ரிப்பன் பூ தம்பியின் காதோடு நசுங்கியது.

வெளியே ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது. ‘தலைவர் அவர்கள் உடனடியாக மேடைக்கு வரவும். சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார்.’

அணைத்த கை தளர்ந்தது. அண்ணன் திரும்பி முதலில் கதவைச் சாத்தினான். அப்புறம் மறுபடி திறந்து, அக்காவை மட்டும் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“யாராவது பாத்தாங்களா?”

“அண்ணா, அவன் உயிரோட இருக்கான்.”

“அதான் கேக்கறேன், யாராவது பாத்தாங்களா?” குரலில் அழுகையும் இருந்தது, அவசரமும் இருந்தது. “நான் சந்தோஷப்படலைன்னு நினைக்காதே. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நம்ம வீட்டுலயே வெச்சுக்கறேன். ஆனா இன்னைக்கு? கட்டடம் கட்டிக்குடுத்தவங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்க. கல்வெட்டுல ‘அமரர்’னு வெட்டியாச்சு!”

“கல்லை மாத்திக்கலாம்.”

“இல்லத்தை மூடிட்டா அத்தனை பேரும் எங்கே படுப்பாங்க? அதைச் சொல்லு.”

அதுதான் அண்ணனிடம் கஷ்டம். பொய்யின்மேல் நின்றுகொண்டுதான் பேசுவான். பேசுவதில் பாதி உண்மையாகவும் இருந்துவிடும். மாடி அறைகளில் இன்று ராத்திரி படுக்கப் போகிறவர்கள் பொய்யில்லையே.

“விழா முடியற வரைக்கும். கொஞ்ச நேரம். அவனை வெளிய இருக்கச் சொல்லு. நீ சொன்னா கேப்பான்.”

அக்கா சுவரில் சாய்ந்தாள்.

நீ சொன்னா கேப்பான். அன்றைக்கும் இதே வார்த்தை, இதே வாய். அண்ணனுக்கு வரப்போகும் மாமனார் வீட்டார் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். தம்பி அப்போது யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர்கள் முன்னால் அப்படிப் பேசிவிட்டால் என்று வீடே நடுங்கியது. அவள்தான் வாசலில் வைத்து அவனிடம் சொன்னாள்: கொஞ்ச நேரம் வெளியே இரு, போனதும் கூப்பிடறேன். ‘சரிக்கா’ என்று போனான். வந்தவர்கள் சீக்கிரம் கிளம்புகிற ரகமில்லை. அவர்கள் காரில் ஏறியபோது இருட்டிவிட்டிருந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்தாள். கார் தெருமுனை தாண்டவில்லை. கத்தினால் காரில் இருப்பவர்களுக்குக் கேட்குமே என்று வாய்க்குள்ளேயே கூப்பிட்டாள். வாய்க்குள் கூப்பிட்டால் யார் வருவார்?

“சொல்ல மாட்டேன்,” என்றாள். “இன்னொரு தடவை என் வாயால அவனை வெளிய போகச் சொல்ல மாட்டேன். நீ வேணும்னா போய்ச் சொல்லு.”

அண்ணன் கதவைப் பார்த்தான். ஒலிபெருக்கி மறுபடி கூப்பிட்டது. எல்லாருக்கும் முன்னால் பேசுகிறவன், அந்த ஒருத்தனுக்கு முன்னால் போய்ப் பேச முடியாமல், நசுங்கிய பூவை நிமிர்த்திக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தான்.

அக்கா உள்ளே ஓடினாள். தம்பி தரையில் கிடந்த அட்டைச் சாவியை எடுத்து, பிய்ந்த காதுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“இது எந்தப் பூட்டுக்குக்கா? அவ்ளோ பெரிய ஓட்டை இருந்தா திருடன் அது வழியாவே வந்துட மாட்டான்?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவசர அவசரமாகக் குதிகாலுக்கு மஞ்சள் மருந்தைத் தாராளமாக ஊற்றி, புதுக் கட்டுப் போட்டாள். மருத்துவ அறையின் நீல ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு: மருத்துவ அறைச் செருப்பு கேட்டைத் தாண்டக் கூடாது.

“நீ எங்கயும் போகக் கூடாது, கேட்டியா? உள்ளயே இரு. அம்மாவை மேடையில உக்காரவெச்சுட்டு வந்துடறேன்.”

“அம்மாவா? அம்மா வருதா?” அவன் முகத்தில் ஏதோ ஏறி இறங்கியது. “அம்மாவும் நான் செத்துட்டேன்னுதான்…?”

“அம்மா ஒரு நாளும் நம்பல. இந்த இல்லத்துப் பக்கமே வராது. இருக்கிறவனுக்கு எதுக்குடா மண்டபம்னு அண்ணனைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடும். இன்னைக்குத்தான், பேச வேணாம், சாவியை மட்டும் குடுன்னு கெஞ்சிக் கூப்பிட்டிருக்கான்.”

“அப்ப மேடையிலேருந்து என்னைப் பாத்தா கத்திடும்.”

“கத்தட்டும். விழா முடியட்டும், எல்லாத்தையும் பேசிக்கலாம். இங்கயே இரு. நான் கூப்பிடறேன்.”

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். ‘சரிக்கா’ என்று பின்னால் கேட்டது. அது காதில் விழுந்தது; மனசில் விழவில்லை.

மேடைக்குப் பின்னால் வேறொரு கலவரம். சாவியை வாங்கப்போகும் தாடிக்காரர் முகத்தை மழித்துக்கொண்டு வந்து நின்றார். புது அறைக்குப் போகிறோமே என்று அவருக்கே ஆசையாக இருந்ததாம்.

“தாடியோடதான வரச் சொன்னேன்!” அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். “அழைப்பிதழ்ல உங்க படத்துல தாடி இருக்கே!”

“வளரும் தலைவரே. நீங்க கொஞ்சம் நீளமாப் பேசுங்க.”

அந்த ரகளையில் அம்மாவின் கார் உள்ளே வந்ததை அக்கா பார்க்கவில்லை. வாட்ச்மேன் நாற்காலி சுமந்துகொண்டிருந்தார். கேட்டை யார் திறந்தார்கள் என்று யோசிக்கவும் அவளுக்கு நேரமில்லை.

அக்கா மேடையேறியபோது அம்மா ஏற்கெனவே நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஆளுயரத்துக்குக் கோட்டுப் போட்ட தம்பி. முன்னால் மேஜை மைக். இத்தனை வருஷம் இந்த இல்லத்தின் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா, சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய.

“ஏண்டி திருட்டுக் கழுதை,” அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள். “எல்லாருமாச் சேர்ந்து எங்கிட்ட மறைச்சுட்டீங்களே!”

“என்னதும்மா?”

“இங்கதான் வேலை பாக்கறானாமே! அவன்தான் கேட்டைத் திறந்துவிட்டான். நடையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. காரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிட்டேன்.” அம்மாவின் கண்ணிலிருந்து சரசரவென்று இறங்கியது, சிரிப்பு மட்டும் குறையவில்லை. “‘நீ போய் உக்காரும்மா, விழா முடிஞ்சதும் அக்கா கூப்பிடுவா, வரேன்’னான். கன்னத்தைத் தொட்டுட்டுப் போனான். கை ஏண்டி இப்படிக் காஞ்சு கெடக்கு? வேளாவேளைக்குச் சாப்பாடு போடறீங்களா இல்லியா?”

அக்கா கூப்பிடுவா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று. போகாதே என்றுதான் சொன்னாள். உள்ளேயே இரு என்றுதான் சொன்னாள். ஆனால் கடைசியில் அன்று சொன்ன அதே சொல்லைச் சொல்லியிருக்கிறாள். அவனும் அன்று சொன்ன பதிலையே சொல்லியிருக்கிறான். கூப்பிடறேன் என்று அக்கா சொன்னால், வெளியே போ என்று அர்த்தம். அவனுக்கு அந்த வீட்டிலிருந்து கடைசியாகக் கிடைத்த சொல் அது.

“இரும்மா,” என்றாள். மேடைப்படியில் கால் இடறியது. யாரோ பிடித்தார்கள். உதறிக்கொண்டு ஓடினாள்.

மருத்துவ அறை காலி. நாற்காலியின் மேல் அட்டைச் சாவி, காது ஒட்டப்பட்டு, பத்திரமாக இருந்தது.

“…என் மடியில் உயிரை விட்ட அந்தத் தம்பியின் நினைவாக,” ஒலிபெருக்கியில் அண்ணனின் குரல் தழுதழுத்தது. இன்று அது நடிப்பில்லை. அது நமக்குத் தெரியும், முன்வரிசைக்குத் தெரியாது. “அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பிறகு எல்லாம் அடங்கியது.

அக்கா கேட்டுக்கு வந்தாள். கேட்டைத் தாண்டாமல், உட்புறமாக, நீல ரப்பர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில். சுவரில் எழுதியிருந்ததை வாசித்திருக்கிறான். எது சொன்னாலும் கேட்பான்.

அம்மாவின் கார் நின்றிருந்த இடத்தில், ஜன்னல் பக்கமாக, சிமென்ட்டில் மஞ்சள் மருந்துக் கறை. ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய. ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி நின்றிருக்கிறான். அங்கிருந்து கறை கேட்டுக்கு வந்து, வெறுங்காலோடு சாலையில் இறங்கி, சாலையின் தூசில் மங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பேருந்து போனது. சைக்கிள்கள். கடைகள். மனிதர்கள், மனிதர்கள், யாரும் நொண்டவில்லை.

செருப்பை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். பின்னால் அத்தனை பேரும் தலை குனிந்து நின்ற நிசப்தம். கத்தினால் கேட்கும். அன்றும் கேட்டிருக்கும்.

“சுண்டூ!”

அடிவயிற்றிலிருந்து வந்தது. எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“டேய் சுண்டூ! கூப்பிடறேன்டா! அக்கா கூப்பிடறேன், வாடா!”

சாலை பதில் சொல்லவில்லை. அவள் தலைக்கு மேலே, கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிதான் சொன்னது. மைக்கை அணைக்க வேண்டிய ஆளும் தலை குனிந்து நின்றிருக்க வேண்டும். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். அண்ணன் பதறி, “அம்மா, உக்காரும்மா, உக்காரு,” என்று கெஞ்சும் சத்தம். அப்புறம் அம்மாவின் குரல், தெரு முழுவதற்கும் கேட்க:

“என்னடா இது, அவ வாசல்ல நின்னு கூப்பிடறா? அவன் வெளியவா இருக்கான்?”